இரண்டு நோய்க்கும் ஒன்றாகச் சிகிச்சை



குடிக்கு அடிமையானவரிடம் மனச்சோர்வும் சேர்ந்து காணப்படுவதுண்டு. "முதலில் குடியை நிறுத்து, மனதைப் பிறகு பார்க்கலாம்" என்று பலர் சொல்லுகிறார்கள். ஆனால் மனவேதனை குடிக்கத் தூண்டுகிறது. குடி அந்த வேதனையைப் பெருக்குகிறது. ஆகவே இரண்டுக்கும் ஒருமித்துச் சிகிச்சை தேவை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில நாட்களுக்குள் வலிப்பும் சித்தக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மனநோய் மாத்திரைகளையும் தாமாக விடக்கூடாது.

இந்தியாவில் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், இரவும் பகலும் தமிழிலேயே இலவச ஆலோசனை பெறலாம்.

நம் சபைகளிலும் இப்படித் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. குற்றஞ்சாட்டாமல் மருத்துவமனைவரை அவர்களோடு செல்வோம், தொடர்ந்து ஜெபிப்போம்.