கரிய தட்டும் கன உலோக இசையும்

கல்லிலே சொல்லைப் பொறித்து வைப்பதில் நம் முன்னோர் வல்லவர். தென்னேரியை உள்ளிட்ட இவ்வட்டாரத்திலே, உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற குடவோலைச் சாசனங்களை இன்றும் எழுத்தெழுத்தாகப் படிக்கின்றோம். ஆயினும் அச்சபையோரின் குரல் எத்தகையது என அக்கல் நமக்கு உரைப்பதில்லை. சொல் நின்றது; ஒலி மறைந்தது. ஒலியையும் பொறித்து வைக்கும் வழி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பிறந்தது. 1877-இல் எடிசன் உருளையின்மீது ஒலியைப் பதித்தார்; 1887-இல் எமில் பெர்லினர் தட்டிற் பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றார்.

இசைத்தட்டின் இயல்பை முதற்கண் ஆராய்வோம். தட்டின் ஒரு பக்கத்தை நோக்குவார்க்குப் பல வட்டங்கள் தோன்றும். உண்மையிலோ, விளிம்பிற் றொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவை யணுகும் ஒரே சால்தான் உண்டு. உழவன் சாலின் கரை நேராயிருத்தல் வேண்டும். இச்சாலின் கரையோ ஒலிக்கேற்ப நெளிதல் வேண்டும். அந்நெளிவிலே ஊசியின் நுனி அதிர, அவ்வதிர்ச்சி மின்னோட்டமாகிப் பெருக்கப்பெற்று மீண்டும் ஒலியாகின்றது. தாழ்ந்த சுரமும் பேரொலியும் அகன்ற நெளிவை வேண்டுவன. ஆதலின் சால்களைத் தள்ளித் தள்ளி யமைத்தல் வேண்டும். அமைக்கவே, ஒரு பக்கத்தில் அடங்கும் காலம் குறையும்.

பழைய தட்டுக்கள் நம் நாட்டுக் காடுகளிற் பெருகக் கிடைக்கும் அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவை. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அவற்றில் ஒரு பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடமே இடமுண்டு. நாகசுர வித்துவான் இராஜரத்தினம் பிள்ளையவர்கள் விரிவாக வாசித்துவந்த தோடியும், தட்டிற் புகுங்கால் அவ்வளவிற் சுருங்க வேண்டியதாயிற்று. 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் நெடுந்தட்டை வெளியிட்டனர். நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் அது, பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேலும் இசைக்க வல்லது. அதன்பின்னரே, பல உருப்படிகளை ஒரு நூலின் இயல்கள்போல் ஒழுங்குபடுத்தி ஒரே தட்டில் வெளியிடுதல் பெருவழக்காயிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இத்தகைய நெடுந்தட்டாகவே வெளிவந்தது.

நிற்க. இந்நெடுந்தட்டின்வழி உலகிற் பரவிய இசைகளுள் 'ஹெவி மெட்டல்' எனப்படும் கன உலோக இசையும் ஒன்று. அதன் முதனூல் எனப் பலரும் கொள்வது 'பிளாக் சாபத்' என்னும் குழுவினர் அப்பெயராலேயே 1970 பிப்ரவரி 13-இல் வெளியிட்ட தட்டாகும். எந்திரச்சாலைகள் மலிந்த பர்மிங்காம் நகரத்து எளிய குடும்பங்களிற் பிறந்த நால்வர் அக்குழுவினர். 1969 அக்டோபரில், பெரும்பாலும் ஒரே நாளிற் பதிவான அத்தட்டு, இரு பக்கமுங் கூடி நாற்பது நிமிடத்திற்குட்பட்டது.

அவருள் கிதார் வாசித்த டோனி அயோமி, 1965-இல் தம் பதினேழாம் வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் எந்திரத்திற் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கை வழக்கமுடைய அவர்க்கு, தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. மனமொடிந்திருந்த அவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்பித்தார். தீவிபத்தில் இரு விரல்கள் முடங்கியும் கிதாரிற் புகழெய்திய ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் தட்டு அது. அதனைக் கேட்டெழுந்த அயோமி, பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசிக்கலானார். 1971-இல் வெளிவந்த மூன்றாந் தட்டிற் சுருதியையுந் தாழ்த்தினார். அவ்விசையின் கனத்த ஒலிக்கு அவர் காயமும் ஒரு காரணமாயிற்று.

இவ்விசை கேட்டார்க்கு அச்சம் விளைப்பதென்பர். மழையும் இடியும் மணியோசையுமாகத் தொடங்கும் முதற் பாட்டின் அடிப்படை மூன்றே சுரங்கள்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். ஷட்ஜமத்திற்கும் பிரதி மத்தியமத்திற்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பிய இசைநூலார் 'இசையிற் புகுந்த சாத்தான்' என்றே பெயரிட்டனர். நமக்கோ அச்சுரமே கலியாணி இராகத்தின் உயிர். அவ்விராகத்தை மங்கலம் என்கின்றோம். ஆகவே அச்சம் சுரத்தில் இல்லை. அது வருமிடத்திலும், அதனைக் கையாளும் முறையிலுமே உள்ளது. மேலும், அப்பாட்டில் வருபவன் கரிய உருவைக் கண்டு நடுங்கி இறைவனைத் துணைக்கு அழைக்கின்றானேயன்றி, தீமையைப் போற்றுகின்றானல்லன். அட்டையையும் பெயரையும் கண்டு தீர்ப்பளித்தார்க்கு இது புலப்படாது. மாணாக்கராகிய நாம், எந்நூலையும் முற்றப் படித்தும் எவ்விசையையும் முற்றக் கேட்டும் பின்னரே கருத்துரைத்தல் அறிவுடைமையாகும்.

2025 ஜூலை 5-இல் அந்நால்வரும் தம் ஊரிலேயே இறுதியாக ஒருங்கு கூடி இசைத்தனர். அம்மாதம் 22-ஆம் நாள் பாடகர் ஆசி ஆஸ்பர்ன் காலமானார். எனினும் அவருடைய இளமைக் குரல் அக்கரிய சாலிலே அழியாதிருக்கின்றது. நம் பெரியோரின் குரல் தாங்கிய அரக்குத் தட்டுக்களும் நம் இல்லங்களின் பரண்களில் எத்தனையோ கிடக்கக்கூடும். அவை தவறி வீழ்ந்தால் உடைவன. கல்வெட்டைப்போற் காத்திருப்பன அல்ல. அவற்றைத் தேடித் துடைத்துப் பேணுதல் நம் கடன்.