நாற்பது கெஜம் சொல்லாத சேதி

கேள்வி: நாங்கள் டல்லாஸ் அருகே வசிக்கிறோம். ஏப்ரலில் அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட் முடிந்ததும், புதிதாக வந்த ரிசீவர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று என் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் வாரக்கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது. ஆளாளுக்கு ஓர் ஓட்ட நேரத்தைச் சொல்லித்தான் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பதுதான் ரிசீவரின் வேலை. அப்படியானால் வேகமாக ஓடுபவர்தானே ஜெயிக்க வேண்டும்? பிறகு ஏன் இத்தனை பெரிய அணிகளே அடிக்கடி ஏமாந்துபோகின்றன?
– ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதத்தைக் காதில் வாங்கிக்கொண்டே சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டீர்கள். இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் ஒவ்வோர் ஆண்டும் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், பிற வாசகர்களுக்காக இரண்டு விளக்கங்கள். டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் நிகழ்ச்சி. ஐபிஎல் ஏலம் போல இதில் விலை கேட்பது கிடையாது. 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து ஆளை எடுக்கும். முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ரிசீவர் என்பவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். அவரைத் தடுக்க எதிரணியில் நிற்பவர் கார்னர்பேக்.

உங்கள் மகனும் நண்பர்களும் சொல்லும் நேரம் எங்கிருந்து வருகிறது? டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன் இண்டியானாபோலிஸ் நகரில் கம்பைன் என்றொரு உடல்திறன் சோதனை முகாம் நடக்கும். அதில் எல்லோருடைய கண்ணும் 40 கெஜ ஓட்டத்தின் மீதுதான். நம் கணக்கில் ஏறக்குறைய 36.6 மீட்டர். நொடியை நூறாகப் பிரித்து அளந்து சொல்வதால், அந்த எண்ணுக்கு ஒரு மயக்கும் துல்லியம் வந்துவிடுகிறது. ‘வேகமாக ஓடுபவர் ஜெயிப்பார்’ என்ற நம்பிக்கை வேரூன்றியது இங்கேதான்.

அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க 2017-ஆம் ஆண்டைப் போல ஒரு உரைகல் கிடைக்காது. அவ்வாண்டு ஜான் ராஸ் என்ற ரிசீவர் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடினார். கம்பைனில் அதுவரை இல்லாத சாதனை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை 9-வது ஆளாகவே எடுத்துக்கொண்டது. முதல் பருவத்தில் அவர் பிடித்த பந்து ஒன்றுகூட இல்லை. காயங்களும் அவரை விடவில்லை. பிறகும் அந்த வேகத்துக்கு ஏற்ற ஆட்டவாழ்வு அமையவில்லை.

அதே முகாமில் கூப்பர் கப் என்பவரும் ஓடினார். ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற, பெரிய ஃபுட்பால் பெயர் இல்லாத பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அவருடைய நேரம் 4.62 நொடி. இருவரையும் அருகருகே ஓடவிட்டிருந்தால், ராஸ் கோட்டைத் தொடும்போது கப் ஏறக்குறைய நான்கு கெஜம் பின்னால் இருந்திருப்பார். மூன்றாம் சுற்றில் 69-வது ஆளாக அவரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் எடுத்தது. 2021 பருவத்தில் அவர் 145 பந்துகளைப் பிடித்து, அவற்றால் 1,947 கெஜம் முன்னேற்றமும் 16 டச் டவுனும் (எதிரணியின் இறுதிக்கோட்டைப் பந்தோடு கடப்பது) எடுத்தார். மூன்று கணக்கிலும் லீக்கில் முதலிடம். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

இதை வைத்து ‘வேகம் வீண்’ என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள், அதுவும் தப்பு. வேகமான ரிசீவர் எதிரே வந்தால் கார்னர்பேக் பயந்து நாலடி பின்வாங்கி நிற்பார். அந்த நாலடி காலியிடம் ரிசீவருக்கு லாபம். வேகம் நிச்சயம் ஒரு செல்வம். அந்தச் செல்வத்தை ஆட்டத்தில் எங்கே, எப்படிச் செலவழிக்கத் தெரியும் என்பதைத்தான் 40 கெஜ ஓட்டம் காட்டுவதில்லை.

ஏன் காட்டுவதில்லை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ரிசீவர் ஓடும் பாதைக்கு ரூட் என்று பெயர். எத்தனை கெஜம் போய், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வரையப்பட்ட தடம் அது. பல அணிகளில் அடிப்படையான ஒன்பது தடங்களுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்திருப்பார்கள். அவற்றில் திரும்பாமல் நேராக ஓடிக்கொண்டே போகும் தடம் ஒன்றுதான். அதுதான் ஒன்பதாம் எண். மற்ற எட்டிலும் எங்கோ ஓரிடத்தில் வேகத்தை அடக்கித் திரும்பியாக வேண்டும். கம்பைன் ஓட்டம் அளப்பது, ஒன்பதில் அந்த ஒன்றை மட்டும். அதிலும் எதிரில் ஆளே இல்லை.

ஆட்டத்தில் ஆள் இருப்பார். சில நேரம் ஒரு கை தூரத்திலேயே இருப்பார். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்குள் ரிசீவரைக் கையால் தடுத்து மறிக்கக் கார்னர்பேக்குக்கு விதியே இடம் தருகிறது. 1978 முதல் உள்ள விதி அது. இப்படி நெருங்கி நின்று மறிப்பதை பிரெஸ் என்பார்கள். தோளைச் சற்றே சாய்த்து, பாதத்தை ஒரு பக்கம் வைப்பதாகப் போக்குக்காட்டி, எதிராளியின் கையைத் தட்டிவிட்டு மறுபக்கம் நழுவ வேண்டும். இந்த முதல் இரண்டடியில் தோற்றவருக்கு அதற்குப் பிறகு எத்தனை வேகம் இருந்தும் பயனில்லை. ஏனென்றால் குவார்ட்டர்பேக் அநேகமாக இரண்டரை, மூன்று நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். பின்னாலிருந்து அவரைச் சாய்க்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொரு நுட்பம். நல்ல குவார்ட்டர்பேக், ரிசீவர் திரும்பியதைப் பார்த்துவிட்டு எறிவதில்லை. திரும்புவதற்கு முன்பே எறிந்துவிடுகிறார். ரிசீவர் திரும்பிப் பார்க்கும்போது பந்து பாதி வழியில் இருக்கும். அவர் ஓரடி முந்தினாலும் பிந்தினாலும் அது எதிராளியின் கைக்குப் போகும். ஆகவே முழு வேகத்தில் ஓடிவந்து இரண்டே அடியில் நிற்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். தன்னோடு ஓடிவரும் கார்னர்பேக் நிற்க நான்கடி எடுத்துக்கொண்டால், இவருக்கு இரண்டடி சொந்தமாகிவிடுகிறது. இந்த இடைவெளியை செபரேஷன் என்பார்கள். எதிராளியிடமிருந்து விலகிக் கிடைக்கும் காலியிடம். கப் பிழைத்தது இந்த வித்தையில்தான். எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறதா, இடத்துக்கு இடம் காவல் நிற்கிறதா என்பதை ஓடும்போதே படித்து, முதலாவதானால் ஓட்டத்தைத் தொடர்வார். இரண்டாவதானால் இரண்டு காவலர்களுக்கு நடுவிலுள்ள சந்தில் நின்றுவிடுவார். குவார்ட்டர்பேக்கும் அதே கணத்தில் அதையே படித்திருப்பார்.

அடுத்த படி: கல்லூரி ஆட்டம் வேறு, தொழில்முறை ஆட்டம் வேறு. கல்லூரியில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடிப்பவரின் ஒரு பாதம் உள்ளே பட்டால் போதும். இங்கே இரண்டு பாதமும் பட வேண்டும். பந்திலேயேகூட வேறுபாடு உண்டு. 2021-ல் 5-வது ஆளாக பெங்கால்ஸ் எடுத்த ஜமார் சேஸ், பருவம் தொடங்குமுன் நடந்த ஆட்டங்களில் பந்துகளைத் தவறவிட்டார். எடுத்தது தவறோ என்று பேச்சு கிளம்பியது. கல்லூரிப் பந்தில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும், இந்தப் பந்தில் இல்லாததால் கண்ணுக்குப் பிடிபடச் சிரமமாக இருக்கிறது என்று அவர் சொன்னார். பலர் அதைச் சாக்கு என்றார்கள். பருவம் தொடங்கியதும் முதல் ஆட்டத்திலேயே 101 கெஜம் எடுத்தார். ஆண்டு முடிவில் 1,455 கெஜம், 13 டச் டவுன், சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. கண்ணுக்கும் கைக்கும் பழகச் சில வாரம் தேவைப்பட்டது, அவ்வளவே. ஆகஸ்ட் மாதத்துப் பேச்சை வைத்து ஓர் ஆட்டக்காரரை எழுதித் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சேஸின் கதையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவருக்குப் பந்து எறிந்தவர் ஜோ பர்ரோ. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சேஸுக்கு எறிந்தவர் அவரே. ஒருவர் மனம் ஒருவருக்கு முன்பே தெரியும். ரிசீவர் தனியாக ஜெயிக்க முடியாது. யார் எறிகிறார், எந்தப் பயிற்சியாளர் ஆட்டத்தை வகுக்கிறார், முன்னால் எத்தனை மூத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் விதியை எழுதுகின்றன.

2023-ல் ஐந்தாம் சுற்றில் 177-வது ஆளாக ராம்ஸ் எடுத்த புக்கா நக்குவாவைப் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் கப் காயத்தால் நான்கு ஆட்டங்கள் ஆட முடியவில்லை. இடம் காலியானது. எறிபவர் அனுபவசாலியான மேத்யூ ஸ்டாஃபோர்ட், வகுப்பவர் ஷான் மெக்வே. நக்குவா முதல் ஆட்டத்தில் 10 பந்தும் இரண்டாவதில் 15 பந்தும் பிடித்தார். பருவ முடிவில் 105 பந்து, 1,486 கெஜம். கெஜக் கணக்கில் ஒரு புதுமுகத்தின் சாதனை 1960-லிருந்து நின்றிருந்தது; அது அன்று உடைந்தது. வாய்ப்பு வந்தது உண்மை. வந்த வாய்ப்பைத் தாங்கும் கை அவரிடம் இருந்ததும் உண்மை. இரண்டும் சேர்ந்தால்தான் கதை.

அப்படியானால் அணிகள் ஏன் ஏமாறுகின்றன என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் அறியாதவர்கள் அல்ல. முன்வரிசையில் எடுக்கப்படுபவர்களே பொதுவாக அதிகம் ஜெயிக்கிறார்கள் என்பதும் மெய்தான். சிக்கல் எங்கே என்றால், கண்ணால் காணாத ஒன்றை ‘இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவதில். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019-ல் அதே லூசியானா அணியில் சேஸோடு ஆடினார். அவரை அநேகமாக ஸ்லாட்டில், அதாவது ஓரத்து ரிசீவருக்கு உட்புறமாக நிறுத்தினார்கள். அங்கே பிரெஸ் மறிப்பு குறைவு. ‘ஓரத்தில் நின்று மறிப்பைச் சமாளிப்பாரா?’ என்று சந்தேகித்தார்கள். 2020 டிராஃப்டில் நான்கு ரிசீவர்கள் போன பிறகு 22-வது ஆளாகவே மின்னசோட்டா வைகிங்ஸ் அவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே 1,400 கெஜம். 2022-ல் 1,809 கெஜம், லீக்கில் முதலிடம். ஓரத்தில் ஆடத் தெரியாதவர் அல்ல, ஆடச் சொல்லப்படாதவர். முன்னால் போன நால்வரையும் தவறு என்று ஒதுக்கவும் முடியாது. அவர்களில் ஒருவர் உங்கள் ஊர் டல்லாஸ் கௌபாய்ஸ் எடுத்த சீடீ லாம். 2023-ல் அவர் பிடித்தவை 135 பந்துகள்.

காலமும் ஒரு கணக்கு. 1985-ல் ஜெர்ரி ரைஸ் 16-வது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன் இரண்டு ரிசீவர்கள் போயிருந்தார்கள். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவர்களில் ஒருவரான எடி பிரவுனுக்கே கிடைத்தது. பிரவுன் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ரைஸ் ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் 22,895 கெஜம் இருந்தது. இன்றுவரை ஒருவரும் எட்டாத உயரம். 2014-ல் வந்த டேவான்ட்டி ஆடம்ஸ் தன் இரண்டாம் ஆண்டில் 483 கெஜமே எடுத்தார். கணுக்கால் காயம், கை நழுவிய பந்துகள் என்று எல்லாம் சேர்ந்து அவரைக் கைவிடச் சொன்னவர்கள் உண்டு. 2020-ல் அவர் 18 டச் டவுன் எடுத்து லீக்கின் ரிசீவர்களில் முதல்வரானார்.

ஆகவே உங்கள் மகனிடம் வாக்குவாதத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கேட்கும் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை நொடியில் ஓடினார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைக் கேட்கட்டும். நெருங்கி நின்று மறிப்பவரிடமிருந்து எப்படி விடுபடுகிறார்? முழு வேகத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறார்? அவருக்கு எறியப்போவது யார், அவர் இடத்தில் இப்போது நிற்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தேடுபவன் எல்லா முறையும் சரியாகச் சொல்லிவிட மாட்டான். ஆனால் தப்பினால் எதனால் தப்பினோம் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த ஏப்ரலில் அது உதவும்.

செப்டம்பரில் பருவம் தொடங்கியதும் நீங்களும் அவனோடு உட்காருங்கள். ஏதாவது ஒரு புதுமுக ரிசீவரைத் தேர்ந்துகொண்டு, பந்து அவரிடம் வராத ஆட்டங்களிலும் அவர் காலை மட்டும் கவனியுங்கள். எதிராளி இடப்பக்கம் சாய்கையில் இவர் வலப்பக்கம் நழுவுகிறாரா, நிற்க வேண்டிய இடத்தில் சட்டென்று நிற்கிறாரா என்று பாருங்கள். பத்துமுறை பார்த்ததும், பந்து வருவதற்கு முன்பே ‘இவன் தேறுவான்’ என்று உங்கள் வாயிலிருந்து வரும். அன்றைக்கு உங்கள் மகன் உங்களிடம் வந்து ஏன் என்று கேட்பான்.