மலர் சொல்லும் பருவம்

காதல், பிரிவு, காத்திருப்பு ஆகிய உணர்வுகளை வெளிப்படையாகக் கூறாமல், பூவையும் மழையையும் பறவையையும் கொண்டு உணர்த்துவது பழந்தமிழர் கண்ட நெறியாகும். ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களிலும் இத்தகைய நெறியைக் காணலாம்.

பனியும் குடையும்

எடோ காலத்து (1603–1868) ஜப்பானியக் கலைஞர்கள் மரப்பலகையில் உருவத்தைச் செதுக்கி, வண்ணம் தடவித் தாளில் ஒற்றி எடுத்தனர். நிறத்திற்கு ஒரு பலகையாகப் பல பலகைகளைக் கொண்டு அச்சிடும் முறை 1765ஆம் ஆண்டளவில் சிறப்புற்றது. அதன் முன்னோடி சுசுகி ஹருனொபு. பொழியும் பனியில் ஒரே குடையின்கீழ் நடக்கும் காதலரை அவர் தீட்டினார். அவ்வோவியத்தில் இருவரும் பேசவில்லை. பகிர்ந்துகொண்ட குடையே அவர்தம் அன்பைப் பேசுகிறது. இவ்வோவியங்களில் செர்ரிப்பூ இளவேனிலையும் நிலையாமையையும் குறிக்கும். சிவந்த மேப்பிள் இலை இலையுதிர் காலத்தைக் குறிக்கும். மாண்டரின் வாத்துகள் பிரியாத இல்லறத்தைக் குறிக்கும். தமிழில் அன்றில் பறவைக்கு உரிய இடம் இதுவே.

கொன்றையும் தோழியும்

முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார்காலம் (ஆவணி, புரட்டாசி), சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். கார் வருமுன் மீள்வேன் என்று கூறித் தலைவன் வினைமேற் செல்வான். தலைவி காத்திருப்பாள்.

குறுந்தொகையின் 66ஆம் பாடலில் கோவர்த்தனார் இச்சூழலைக் காட்டுகிறார். கொன்றை மலர்ந்துவிட்டது, தலைவனோ வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழியோ, காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்கிறாள். பூ தவறவில்லை; தலைவியைத் தேற்றும் அன்பே பூவின்மேல் பழிசுமத்துகிறது. கொன்றை எதனைக் குறிக்கும் என்பதை இருவரும் அறிந்திருப்பதால்தான் தோழி அதனை மறுத்துரைக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில்

மராத்தியர் 'பஹாவா' என அழைக்கும் மரமும் இக்கொன்றையே. புணேயில் அது சித்திரை, வைகாசியில் பொன்னிறமாகப் பூத்துக் குலுங்கும். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் வைகாசி இறுதியில் இங்கு வந்துசேரும். பூ ஒன்றே, அது உணர்த்தும் பொழுது நிலத்திற்கேற்ப வேறுபடுகிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும் என்னும் தொல்காப்பியக் கருத்து இங்கு விளங்கும்.

விமானப்படைத் தளம் அமைந்த லோஹேகாவில், கடமையின் பொருட்டுப் பிரிந்தவரை எதிர்நோக்கும் இல்லங்கள் உள்ளன. அவ்வில்லங்களில் முல்லைத்திணை வெறும் பழம்பாட்டு அன்று. இன்றைய வாழ்வும் ஆகும்.

பயிற்சி

1. தோழி கொன்றையைக் குறைகூறியது ஏன்?
2. மாண்டரின் வாத்தையும் அன்றிலையும் ஒப்பிட்டு எழுதுக.
3. உம் வீட்டருகே பூக்கும் மரம் ஒன்றினையும் அது பூக்கும் தமிழ் மாதத்தையும் குறிப்பிடுக. அப்பூவைக் கண்டதும் உமக்கு நினைவுக்கு வருபவர் யாவர்? ஐந்து தொடர்களில் எழுதுக.