யாஸ் தீவில் ரைடு ஆபரேட்டர் வேலை

கேள்வி: வயது 25. சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ரைடு ஆபரேட்டராக இருக்கிறேன். அபுதாபி யாஸ் தீவில் இதே வேலை, மாதம் 2,500 திர்ஹம், ரூம் ஃப்ரீ என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். போகலாமா சார்?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: யாஸுக்குப் போகலாம். இந்த ஏஜென்ட்டை நம்பிப் போகாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி விசா செலவும் ஆள் எடுக்கும் செலவும் கம்பெனியுடையவை. நம் நாட்டில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரையே கேளுங்கள். அவர் பதிவுபெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் புகார் கொடுக்கவும் உங்களிடம் காகிதம் இருக்காது.

ஃபெராரி வேர்ல்டு, யாஸ் வாட்டர்வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, 2023-இல் திறந்த சீவேர்ல்டு எல்லாமே மிரால் குழுமத்தின் கையில் இருப்பவை. அவர்களுடைய வேலைவாய்ப்புப் பக்கத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. ரைடு அனுபவம் உள்ளவர் நீங்கள், தயங்க வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? அதுதான் முக்கியம். ஓவர்டைம், பணிக்கொடை இரண்டுமே அதை வைத்துத்தான் கணக்காகும். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அதே 2,500-இல் அடிப்படை 1,800 என்றால் ஆண்டுக்கு 1,260 திர்ஹம் சேரும். 1,200 என்று போட்டிருந்தால் வெறும் 840. தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை இல்லை.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான்: உயரம் அளப்பது, பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, அதே அறிவிப்பை ஆங்கிலத்தில் நாள் முழுக்கச் சொல்வது. ஃபெராரியும் வார்னரும் ஏ.சி. கூரைக்குள் இருப்பவை. வாட்டர்வேர்ல்டு திறந்தவெளி, ஜூலை வெயிலை யோசித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நாளில்தான் உங்களுக்குக் கூட்டம் நெரியும். பொங்கலுக்கு லீவு என்பதை இப்போதே மறந்துவிடுங்கள்.

நேர்காணலில், ஒரு ரூமில் எத்தனை பேர், ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் பஸ் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று ஏஜென்ட்டுகள் பயமுறுத்துவார்கள். ஆள் எடுப்பவர்கள் தினமும் பதில் சொல்லிப் பழகிய கேள்விகள்தான் இவை.