பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கோ நோர்வூட்டுக்கோ போகிற பாதையில் வளைவும் மூடுபனியும் ஈரமும்தான் அதிகம். புதிதாக ஓட்டுபவருக்கு 125 சிசி தாராளம். தினமும் பின்னால் ஆளேற்றி லயத்து ஏற்றம் ஏற வேண்டுமென்றால் 150. அதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம்.

சாரதி அனுமதிப்பத்திரத்தை முதலில் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாது. ஏ வகுப்பு வேண்டும்.

பல்சர் 150 போன்ற வண்டி ஏறக்குறைய 150 கிலோ எடை. சரிவில் நிறுத்திவிட்டுத் தனியாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிய வேண்டும். கையில் காசு இடம் கொடுத்தால் ஏபிஎஸ் உள்ளதையே எடுங்கள். மழைக்காலத்தில் அது உயிர் காக்கும்.

லீசிங்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘12 வீதம்தான்’ என்றால், அது முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டியா, குறைந்துவரும் மீதிக்கு மட்டுமா என்று கேளுங்கள். 3 லட்சம் ரூபாவை முதல் முறையில் 36 மாதத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 1,08,000 ரூபா. மாதத் தவணை 11,333. உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 21 வீதம்! தோட்டத்தில் கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுகிற மாதத்திலும் இதைக் கட்ட முடியுமா? அந்த மாதச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், இரண்டு தலைக்கவசம், மழை அங்கி எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தவணை முடிந்ததும் பதிவுச் சான்றிதழில் உள்ள லீசிங் கம்பனியின் பெயரை நீக்க மறக்காதீர்கள்.