எழுபதுக்குப் பிறகு எந்த பிரஷர் மாத்திரை?

பிரஷர் மாத்திரைகளில் எது உசத்தி என்று கேட்பவர்கள் 2002-இல் வெளியான ‘ஆல்ஹாட்’ ஆய்வின் முடிவை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 55 வயதைத் தாண்டிய 33,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அம்லோடிபின், லிசினோபிரில், குளோர்தாலிடோன் என்ற மூன்றில் ஒன்றைக் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குளோர்தாலிடோன் அன்றைக்கே பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனாலும் மாரடைப்பு மூன்று தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் அந்தப் பழைய மாத்திரையே மற்ற இரண்டையும் முந்தியது. புதிதாக வந்ததும் விலை கூடியதும்தான் சிறந்தது என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. பிரஷரை இறக்கும் வேலையை முக்கியமான வகைகள் எல்லாமே செய்கின்றன. அதனால் வயதானவருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, எந்தப் பக்கவிளைவை அவர் உடம்பு தாங்காது என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

“எண்பது வயசுக்கு மேல எதுக்கு மாத்திரை, இருக்கிறபடி இருக்கட்டும்” என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்டு. 2008-இல் வெளியான ‘ஹைவெட்’ ஆய்வு 80 வயதைக் கடந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. இண்டபமைடு என்ற நீர் மாத்திரையும், தேவைப்பட்டவர்களுக்குக் கூடவே பெரிண்டோபிரிலும் தரப்பட்டன. சிகிச்சை பெற்றவர்களில் மரணம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதயச் செயலிழப்பு பாதிக்கும் கீழே போனது. ஆக, வயதைக் காரணம் காட்டி மருந்தை மறுப்பது சரியல்ல. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு திடமாக இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், அடிக்கடி விழுகிறவருக்கும் அதே கணக்கை அப்படியே போட முடியாது. அதனால் மாத்திரை தொடங்கும் முன்பும், அளவைக் கூட்டும்போதும், படுக்க வைத்து ஒருமுறையும் எழுந்து நின்ற ஒன்று, மூன்று நிமிடங்களில் மறுபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நின்றதும் மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால், இடுப்பெலும்பு முறியும் அபாயத்தையும் கணக்கில் வைத்துத்தான் மருந்து எழுத வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது அம்லோடிபின். அதில் தப்பில்லை. ரத்த நாளங்கள் விறைத்துப்போய் மேல் எண் மட்டும் ஏறியிருக்கும் முதியவருக்கு அது நன்றாகவே கேட்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். உப்புச் சத்தைக் குலைக்காது. அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. தொல்லை கணுக்காலில் தொடங்கும். சாயங்காலம் செருப்பு இறுக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். உடம்பில் நீர் தேங்கியதால் வருவதல்ல இந்த வீக்கம். மருந்து சிறு தமனிகளை விரிப்பதால் நுண்குழாய்களிலிருந்து கசிவது. இது தெரியாமல் வீக்கத்துக்கு ஃப்யூரோசமைடு சேர்த்தால் வீக்கம் சரியாக வடியாது, சோடியமும் பொட்டாசியமும் குறையும், இரவில் கழிப்பறைக்கு நடக்கும்போது தலைசுற்றும். ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று பெரியவர்களின் மருந்துப் பை இப்படித்தான் கனக்கிறது. அம்லோடிபினை 10 மில்லிகிராமுக்கு ஏற்றுவதைவிட, 5-லேயே நிறுத்தி டெல்மிசார்டன் சேர்ப்பது பல நேரங்களில் மேல். பிரஷரும் இறங்கும், வீக்கமும் தணியும்.

சர்க்கரை நோயோடு சிறுநீரில் புரதமும் போகிறவருக்கு டெல்மிசார்டன், லோசார்டன் வகையோ, எனலாப்ரில், ராமிப்ரில் வகையோதான் முதல் தேர்வாக வேண்டும். அவை சிறுநீரகத்தையும் காக்கின்றன. ‘ப்ரில்’ என்று முடிபவை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பதற்குப் பதிலாக ‘சார்டன்’ வகைக்கு மாறலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பலன் இரட்டிப்பாகும் என்பது தவறு. 2008-இல் ‘ஆன்டார்கெட்’ ஆய்வில் சேர்த்துப் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிறுநீரகம்தான் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. இவற்றைத் தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் இங்கேதான் பெரிய ஆபத்து. அது பிரஷரையும் ஏற்றும், நீர் மாத்திரையும் சார்டனும் கூட இருந்தால் சிறுநீரகத்தையும் முடக்கும். வாந்தி, பேதி வந்த நாட்களில் இந்தப் பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஹாட்டில் முந்திய மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய நீர் மாத்திரைகள் மலிவானவை. பக்கவாதத்தைத் தடுப்பதிலும் நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் முதியவர்களுக்கு, அதிலும் குறைவாகச் சாப்பிடும் மெலிந்த பெண்களுக்கு, இவை சோடியத்தை இறக்கிவிடும். சோர்வு, குழப்பம், தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு என்று அது வெளிப்படும்போது வீட்டார் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறார்கள். நீர் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பேச்சும் நடையும் மாறினால் அன்றைக்கே சோடியம் பார்க்க வேண்டும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவருக்கும் இந்த வகை ஆகாது.

பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த அட்டினலால் பிரஷருக்கு மட்டும் என்றால் முதியவருக்கு முதல் மருந்தாக வேண்டியதில்லை. 2002-இல் ‘லைஃப்’ ஆய்வில் லோசார்டன் அதைவிடப் பக்கவாதத்தைக் குறைவாக வரவிட்டது. மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலிக்காரர், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர் என்றால் கதை வேறு. அவர்களுக்கு பீட்டா பிளாக்கர் வகையில் ஏற்ற ஒன்று வேண்டியிருக்கும், அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மற்ற பிரஷர் மாத்திரைகளில், பிராசோசின் எழுந்து நிற்கும்போது ஆளைச் சாய்க்கக்கூடியது. குளோனிடினை ஒரு நாள் மறந்தாலே பிரஷர் எகிறலாம். மறதி உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

காலையிலா, ராத்திரியிலா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022-இல் முடிவு வெளியான ‘டைம்’ ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரம் எதுவோ அதுவே போதும். நீர் மாத்திரையை மட்டும் காலையில் கொடுங்கள்; சிறுநீர் கழிக்க இருட்டில் எழுந்து நடக்க வேண்டியிராது.