நன்னீர் இறால் வளர்க்க வரும் பிள்ளைகளுக்கு

முதல்முறையாகக் குளத்தில் ஆற்று இறால் விடப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த உயிர் வளர்வதும் இனம் பெருக்குவதும் ஓடு உரிப்பதை ஒட்டியே நடக்கின்றன. அதைக் கவனிக்கப் பழகினால் தொழில் கைக்கு வரும்.

1. ஓடு விரிந்து கொடுக்காது. பழையதைக் கழற்றினால்தான் உடம்பு பெருக்கும். குஞ்சுகள் சில நாளுக்கு ஒருமுறை உரிக்கும்; வளர வளர இடைவெளி நீளும். கரையோரம் வெற்று ஓடு ஒதுங்கினால் இறால் செத்துவிட்டதென்று பதறாதீர்கள்.

2. உரித்த இறால் மெத்தென்று கிடக்கும். மற்றவை அதைத் தின்றுவிடும். காய்ந்த பனையோலை, பழைய வலை, குழாய்த் துண்டு என ஒளிய இடம் கொடுங்கள். பச்சை ஓலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இது இரவில் மேயும் பிராணி, அதனால் மாலைத் தீனி கூடுதலாக இருக்கட்டும்.

3. 28 முதல் 31 டிகிரி வெப்பம் இதற்கு உகந்தது. விடியற்காலையில் இறால்கள் கரையில் வந்து ஒண்டினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஏரேட்டரைப் போடுங்கள்.

4. முதிர்ந்த பெண் ஓடு உரித்த சில மணி நேரத்துக்குள் ஆணோடு சேரும். முட்டைகளை வயிற்றடியில் ஏறக்குறைய 3 வாரம் சுமக்கும். ஆரஞ்சு நிறமாக இருப்பவை பொரிக்கும் தருணத்தில் சாம்பல் நிறமாகும். முட்டைக்கே சத்து போவதால் பெண்ணின் வளர்ச்சி மந்தப்படும்.

5. சினை இறாலைப் பார்த்து, குளத்திலேயே குஞ்சு கிடைக்குமென்று நம்பாதீர்கள். இளம்புழுக்களுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். இதை 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ வென் லிங் கண்டறிந்தார். லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரில் 11 பருவங்களைக் கடந்த பிறகே அவை குஞ்சாகும். அதனால்தான் தாய் இறால் கழிமுகத்துக்கு இறங்குகிறது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் தடுப்பணை அந்த வழியை மறித்து, அங்கே ஆற்று இறால் வளத்தையே குறைத்துவிட்டது.

6. பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கும்போது வெண்வால் நோய்க்கான பரிசோதனை முடிவைக் கேளுங்கள். வால் வெளுத்த குஞ்சை மலிவு என்று வாங்கவே வேண்டாம்.

7. ஆண்கள் மூன்று வகை: குட்டையன், ஆரஞ்சுக்காலன், நீலக்காலன். வேகமாக வளர்வது ஆரஞ்சுக்காலன். நீலக்காலன் ஆனதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். பெண்களைத் தன் காவலில் வைத்துக்கொள்ளும். அது குளத்தில் இருக்கும்வரை குட்டையன்கள் தலையெடுப்பதில்லை. பெரிய கண் வலை போட்டு நீலக்காலன்களை அவ்வப்போது அரித்து விற்றுவிடுங்கள். அடுத்த சில வாரத்தில் குட்டையன்கள் எடை கூடுவதைப் பார்ப்பீர்கள். இன்னும் பெருக்கட்டும் என்று நீலக்காலனை விட்டுவைத்தால், தீனிச் செலவுதான் ஏறும்.